படுத்துக் கிடந்த கோடு

மெஷினை மாட்டியிருந்த நாட்களிலெல்லாம் திரையில் கோடு படுத்தே கிடந்தது. கழற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில் பசு செத்துப்போனது.

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்க இத்ரீஸால் முடியவில்லை. மோட்டார் கொட்டாய்க்கு வெளியே தொட்டிக்குப் பக்கத்தில் பசு விறைத்துக் கிடந்தது. மூக்கு இன்னும் இரும்புக் குழாயை ஒட்டியிருந்தது. தண்ணீர் குடிக்க வந்த இடத்தில், நனைந்த குளம்போடு நின்று, குழாயைத் தொட்டிருக்கிறது.

"ஏலே இத்ரீசு, மோட்டார்ல ஒண்ணுமில்லன்னு ஒன் கம்ப்யூட்டரு சொல்லுச்சே. அதைத் தூக்கிட்டு வந்து மாட்டுக்கிட்டச் சொல்லச் சொல்லு" என்றார் இஞ்ஞாசிமுத்து. கண்ணில் புரை விழுந்தவர். பசு கிடந்த பக்கம் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார்.

பக்கத்தில் அவருடைய மருமகள் பெனிட்டா நின்றாள். அவள் கையில் மோட்டார் கொட்டாயின் சாவி இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவள்தான் உள்ளே போயிருக்க வேண்டியவள்.

அந்தத் தோட்டம் உத்தமபாளையத்துக்குத் தெற்கே இருக்கிறது. திராட்சைப் பந்தல், பந்தலுக்கு நடுவில் கிணறு. கிணறு இரண்டு பேருக்குப் பங்கு. ஒரு கரையில் இஞ்ஞாசிமுத்து குடும்பத்து மோட்டார், எதிர்க்கரையில் கருத்தக்கண்ணன் என்பவரின் மோட்டார். முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். பொங்கல் கழிந்த வாரத்தில் இஞ்ஞாசிமுத்துவின் மகன் பிரான்சிஸ் விடிகாலையில் மோட்டார் போடப் போனான். அடி வால்வில் கசிவு இருந்ததால் பம்புக்குள் குடத்தால் தண்ணீர் ஊற்றித்தான் கிளப்ப வேண்டும். ஒரு கை பம்பின் மேல், ஒரு கையில் குடம், கீழே ஈரத் தரை. பெனிட்டா காப்பியோடு போனபோது அவன் பம்பைப் பிடித்தபடியே இருந்தான், உயிர் இல்லை. சுவிட்சை அவன் இன்னும் போட்டிருக்கவே இல்லை.

கரண்ட் ஆபீஸிலிருந்து மத்தியானம் வந்து பார்த்தார்கள். மோட்டார் உடம்பில் கரண்ட் இல்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். காயிலில் ஒரு பழுதும் இல்லை. மோட்டார் திரும்பி வந்தது. பந்தலில் காய் பிடித்திருந்த நேரம். தண்ணீர் நின்றால் கொடி வாடிவிடும். இஞ்ஞாசிமுத்துவுக்குக் கொட்டாய்ப் படி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பெனிட்டா போனாள். தினமும் மோட்டாரைப் புறங்கையால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பாள். உள்ளங்கையால் தொட்டால் விரல் மடங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும்; புறங்கை என்றால் மடங்கும் விரல் கையை வெளியே இழுக்கும். சில நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் எறும்பு கடித்த மாதிரி சுர்ரென்றது. ஒரு நாள் தோள் வரைக்கும் உதறியது.

"இதுக்கு ஒரு நேரம் காலம் இருந்தா அந்த நேரம் நான் போகாம இருந்துக்கிருவேன்ணே. எப்ப வரும்னு தெரியலையே" என்று அவள் இத்ரீஸிடம் சொன்னாள். இத்ரீஸ் பிரான்சிஸோடு படித்தவன். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். அவனுக்குக் கேள்வி தெளிவாக இருந்தது: அந்த மோட்டார் பெனிட்டாவையும் எடுத்துக்கொள்ளப் போகிறதா? அதைத் தெரிந்துகொள்ள, மோட்டார் உடம்புக்கும் மண்ணுக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்பதை இரவும் பகலும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது மனிதனால் ஆகாது.

மீட்டர் வைத்து அளக்கலாம். ஆனால் கையில் பிடிக்கும் மீட்டருக்கு ஞாபகம் கிடையாது. ஆற்றுத் தண்ணீர் வரும் லோயர் கேம்ப்பில் மதகுக்குப் பக்கத்தில் அளவுகோல் நட்டு, ஆள் வந்து ஒரு மணிக்கு ஒரு முறை மட்டம் பார்த்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஐந்து நிமிஷம் தண்ணீர் ஏறி இறங்கினால் அவருக்கு அது நடக்கவே இல்லை. மத்தியானம் வந்து பார்த்தவர்களுக்கும் அதுதான் ஆனது. அடிக்கடி பார்க்க வேண்டும், பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு இது சலிக்காத வேலை. ஆனால் கம்ப்யூட்டருக்கு வோல்ட் தெரியாது, எண்தான் தெரியும். வோல்ட்டை எண்ணாக மாற்றிக் கொடுக்க நடுவில் ஒன்று வேண்டும்.

இத்ரீஸிடம் இருந்தது மதுரையில் ஓர் ஆபீஸ் கழித்துப் போட்ட பழைய 486 கம்ப்யூட்டர். அது 2001-ஆம் வருஷம். அந்த மெஷினைக் கடைக்கு வருகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கு எதைப் பொருத்துவது என்று பல நாள் யோசித்தான். இதற்கென்றே செய்த அளவீட்டுக் கார்டு பெங்களூரில் கிடைத்தது. அளவுகோலில் நாலாயிரத்துக்கு மேல் கோடு போட்ட மாதிரி நுணுக்கமானது. விலையைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தான். இரண்டாவது வழி, வோல்ட்டை எண்ணாக்கும் சின்ன ஐசி ஒன்றை வாங்கிப் பிரிண்டர் மாட்டும் இடத்தில் இணைப்பது. அது இருநூற்றைம்பத்தாறு கோடு போட்ட அளவுகோல். உயிர் போகுமா போகாதா என்று அறிய அத்தனை கோடு தாராளம். ஆனால் அந்த ஐசி பூஜ்யத்திலிருந்து ஐந்து வோல்ட் வரைதான் பார்க்கும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதைப் பார்க்காது. வீட்டுக் கரண்டோ செகண்டுக்கு ஐம்பது தடவை மேலும் கீழும் ஆடுவது. அதற்காகத் தனியாக ஒரு சர்க்யூட் கட்ட வேண்டும்.

மூன்றாவது, மெஷினுக்குள் ஏற்கனவே தூசி படிந்து கிடந்த சவுண்டு கார்டு. பாட்டைப் பதிவு செய்கிற கார்டு எதையும் பதிவு செய்யும் என்று நினைப்பது தப்பு. அதன் வாசலில் ஒரு கண்டென்சர் உட்கார்ந்திருக்கும். ஆடாமல் நிற்கிற வோல்ட்டையும் மெதுவாக நகர்கிற வோல்ட்டையும் உள்ளே விடாது. பேட்டரி ஒன்றை அதில் கொடுத்தால் கோடு ஒரு முறை துள்ளிவிட்டுப் பூஜ்யத்தில் படுத்துவிடும். ஆனால் இங்கே தேடுவது ஐம்பது தடவை ஆடுகிற சமாச்சாரம். காதுக்குக் கேட்கும் உறுமல். கண்டென்சர் அதைத் தாராளமாக விடும். ஆக, இந்த வேலைக்குச் சவுண்டு கார்டே சரி. சேர்த்து வைக்கத்தான் இடம் போதாது. வருகிற ஒவ்வோர் எண்ணையும் வைத்துக்கொண்டே போனால் அந்த மெஷினின் ஹார்ட் டிஸ்க் ஒரு நாளிலேயே நிறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு செகண்டிலும் வந்ததில் பெரியது எதுவோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிட ஒரு சின்ன புரோகிராம் எழுதினான்.

கம்ப்யூட்டரை இஞ்ஞாசிமுத்து வீட்டில் வைத்தான். கொட்டாயிலிருந்து வீடு வரை கேபிள் டிவி வயர் இழுத்தான். அதில் நடுவில் ஒரு செம்புக் கம்பி, சுற்றிலும் வலை. ரேடியோ ஆனாலும் டிவி ஆனாலும் கம்ப்யூட்டர் ஆனாலும், இரும்பு உடம்புதான் பூஜ்யம், வலையை உடம்போடுதான் சேர்க்க வேண்டும் என்பது ரிப்பேர்க் கடையில் முதல் நாள் கற்றுக்கொள்வது. இத்ரீஸ் யோசிக்கவே இல்லை. வலையை மோட்டார் உடம்பில் கிளிப் போட்டு மாட்டினான். நடுக் கம்பியை, கரண்டைக் குறைக்கும் பெரிய ரெசிஸ்டர்கள் வழியாக மண்ணில் அடித்த ஓர் இரும்புக் குச்சியோடு சேர்த்தான்.

கோடு படுத்தது. லேசாக நடுங்கியது. நீள வயரில் எப்போதும் இருக்கும் இரைச்சல் என்று விட்டான். பெனிட்டா தினமும் புறங்கையால் தட்டினாள். சுர்ரென்றுகூட ஒரு நாளும் இல்லை. அவளுக்கு முகம் தெளிந்தது. "அண்ணே, காயில் கடையில எதையோ சரி பண்ணிட்டுச் சொல்லாம விட்டிருக்காக போல" என்றாள். இத்ரீஸும் அதைத்தான் நம்பினான். மெஷினைக் கழற்றிக் கொண்டுபோனான்.

இப்போது பசு கிடந்தது.

"மறுபடி மாட்டுறேன் தங்கச்சி. அதுவரைக்கும் கொட்டாய்ப் பக்கம் யாரும் போக வேணாம்" என்றான்.

"மாட்டி? மறுபடியும் ஒண்ணுமில்லம்பீக."

அன்று சாயங்காலமே மெஷினைக் கொண்டுவந்து பழையபடி மாட்டினான். கோடு பழையபடி படுத்தது. மறுநாள் விடிந்ததும் டெஸ்டரை எடுத்துக்கொண்டு ரப்பர் செருப்போடு கொட்டாய்க்குள் போனான். மோட்டார் உடம்பில் டெஸ்டர் வைத்தான், எரியவில்லை. கிளிப் சரியாகக் கடிக்காமல் இருக்குமோ என்று தோன்றியது. துரு இல்லாத இடமாகப் பார்த்து மாட்டலாம் என்று அதன் ரப்பர்ப் பிடியைப் பிடித்து இழுத்தான்.

கிளிப் விலகிய இடத்தில் நீலமாக ஒரு பொறி பறந்தது.

இத்ரீஸ் அப்படியே நின்றான். வோல்ட்டே இல்லாத இடத்தில் பொறி பறக்காது. டெஸ்டரை மறுபடி வைத்தான். பளிச்சென்று எரிந்தது. கிளிப்பை மாட்டினான், அணைந்தது. எடுத்தான், எரிந்தது.

அவனைத் திண்டாட வைத்த கேள்வி அந்த இடத்தில் அவிழ்ந்தது. வலை சவுண்டு கார்டின் பூஜ்யத்தோடு சேர்ந்திருக்கிறது. கார்டின் பூஜ்யம் கம்ப்யூட்டர் பெட்டியோடு. பெட்டி மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னோடு. பெரிய பின் வீட்டு எர்த்தோடு. அந்த எர்த் குழாய் குளியலறைத் தண்ணீர் பாயும் இடத்தில், என்றும் ஈரமாக. மோட்டாருக்கு வந்த கரண்டையெல்லாம் அவனுடைய வயரே வீட்டு எர்த்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறது. அளக்கப் போன கருவி அளக்க வேண்டியதைத் தின்றுவிட்டது. அந்த நாட்களில் பெனிட்டா பிழைத்திருந்தது மோட்டார் நல்லதாக இருந்ததால் அல்ல, வயர் மாட்டியிருந்ததால். கழற்றிய மறுநாள் அவளுக்கு முன்னால் பசு போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியே வந்து தொட்டித் திண்டில் உட்கார்ந்தான். பெனிட்டா தூரத்திலிருந்து கூப்பிட்டாள்.

"என்னண்ணே, மொகம் இப்படி வெளுத்துப்போயிருக்கு?"

"நான் நல்லாருக்குன்னு சொன்னேன்ல. அது தப்பு. கரண்ட் இருக்கு. என் வயருதான் அத மறைச்சிருச்சு."

"அப்ப அந்த வயரை அப்படியே விட்டுருங்களேன்."

"ஒரு கேபிள் வயரை நம்பியா தங்கச்சி? எலி கடிச்சா போச்சு. எங்கருந்து வருதுன்னு தெரியணும்."

அளக்கவும் வேண்டும், ஆனால் மோட்டாரும் கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று தொடவும் கூடாது. அதற்கு ஒரு பழைய பொருள் போதும். கெட்டுப்போன டேப்ரிக்கார்டரிலிருந்து ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரைக் கழற்றினான். அதற்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள். ஒன்றுக்கொன்று கம்பித் தொடர்பே கிடையாது. ஒன்றில் கரண்ட் ஆடினால் இரும்பில் காந்தம் ஆடும், அந்தக் காந்தம் மற்றதில் கரண்டை ஆட்டும். சேதி போகும், கரண்ட் தாண்டாது. பெரிய சுற்றின் ஒரு முனை மோட்டார் உடம்புக்கு, மறுமுனை மண்ணில் அடித்த குச்சிக்கு. சின்னச் சுற்று கேபிள் வயரில் சேர்ந்து வீட்டுக்கு. முதலில் அதே டிரான்ஸ்பார்மருக்கு வீட்டுக் கரண்டைக் கொடுத்து, கோடு எங்கே ஏறி நிற்கிறதோ அங்கே திரையில் ஸ்கெட்ச் பேனாவால் கோடிட்டான். சவுண்டு கார்டுக்கு வோல்ட் கணக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றைக் காட்டித்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கொட்டாயைப் பூட்டினார்கள். தண்ணீர் நின்றது. இரண்டாம் நாளே பந்தலில் இலை ஓரம் சுருண்டது. இஞ்ஞாசிமுத்து கையால் தடவிப் பார்த்தார். "மகன் போனான். மாடு போச்சு. இப்ப கொடி. எழவெடுத்த மோட்டாரு" என்றார்.

திரையில் இந்தத் தடவை கோடு படுத்துக் கிடக்கவில்லை. விடியும் நேரத்தில் மதில் மாதிரி நேராக எழுந்தது, கொஞ்ச நேரம் நின்றது, நேராக விழுந்தது. சாயங்காலமும் அதே. நடுவில் ஒன்றுமில்லை. ஸ்கெட்ச் பேனா கோட்டில் பாதியைத் தாண்டிய உயரம், அதாவது வீட்டுக் கரண்டில் பாதிக்கு மேல். ஆளைக் கொல்ல அது போதும். காயில் பழுதென்றால் இப்படி எழுந்து விழாது. யாரோ சுவிட்சைப் போட்டு அணைக்கிறார்கள்.

மறுநாள் விடியலில் இத்ரீஸும் பெனிட்டாவும் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தார்கள். கோடு எழுந்தது. இத்ரீஸ் ஜன்னலைத் திறந்தான். கிணற்றுக்கு அந்தக் கரையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டும் மெஷின். இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சத்தம் நின்றது. கோடு விழுந்தது.

கருத்தக்கண்ணன் தட்டைக் கூடையைத் தலையில் தூக்கப் போன நேரத்தில் அவர்கள் அங்கே போனார்கள். பிரான்சிஸின் பெட்டியைக் கல்லறை வரை தோளில் சுமந்த நாலு பேரில் அவரும் ஒருவர்.

"வா ஆத்தா. என்ன இம்புட்டு வெள்ளன?"

இத்ரீஸ் வெட்டும் மெஷினின் வயரைக் கண்ணால் தொடர்ந்து போனான். அதற்கு இரண்டு வயர் வேண்டும்: கரண்ட் வர ஒன்று, திரும்பிப் போக நியூட்ரல் என்று ஒன்று. வர வேண்டியது கம்பத்திலிருந்து வந்தது. திரும்ப வேண்டியது கம்பத்துக்குப் போகவில்லை. சுவரேறி, கிணற்று மேட்டைத் தாண்டி, கிணற்றுக்குள் இறங்கியது. நுனியில் ஓர் இரும்புக் கடப்பாரை கட்டித் தண்ணீரில் தொங்கியது.

"இது என்னண்ணே?"

"அதா? போன ஐப்பசிக் காத்துல நூட்ரல் கம்பி அத்துப்போச்சுப்பா. எழுதிக் குடுத்திருக்கேன், இந்தா வாரோம் அந்தா வாரோம்னுட்டு இருக்காக. மாடு பட்டினி கிடக்குமா? எர்த்துல ஓட்டிக்கிட்டிருக்கேன். கெணத்துத் தண்ணி எர்த்து மாதிரி வருமா? என்னமா இழுக்குது தெரியுமா!"

கிணற்றைச் சுற்றி முழுக்கப் பாறை. கடப்பாரை வழியே தண்ணீருக்குள் இறங்கிய கரண்ட் பாறையைத் தாண்டி மண்ணுக்குப் போகத் திணறும். திணறும் இடத்தில் வோல்ட் ஏறும். கிணறு முழுதும் ஏறும். அதே தண்ணீருக்குள் பிரான்சிஸின் பம்பிலிருந்து இறங்கிய இரும்புக் குழாய் நின்றது. கிணற்றில் ஏறிய வோல்ட் அந்தக் குழாய் வழியே மோட்டாருக்கும் தொட்டிக் குழாய்க்கும் வந்திருக்கிறது. இத்ரீஸ் இதையெல்லாம் குச்சியால் மண்ணில் வரைந்து அவருக்குச் சொன்னான். கருத்தக்கண்ணன் முதலில் சிரித்தார்.

"ஏப்பா, ஊரே இப்படித்தான ஓட்டுது. ஒரு கம்பி. அதுவா?" பிறகு சிரிப்பு நின்றது. கூடையை இறக்கி வைத்தார். "அன்னைக்கும் வெட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல ஆத்தா."

"எம்புட்டு நேரம் வெட்டுனீக அன்னைக்கு?" என்று கேட்டாள் பெனிட்டா.

அவர் கூடையில் கிடந்த தட்டையைப் பார்த்தார். அன்று பொங்கலுக்கு வந்த உறவுக்காரர் மாடும் சேர்ந்து நின்றது. வழக்கத்தைவிட அதிகமாகவே வெட்டியிருந்தார்.

"கம்பிய எடுங்க" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை.

இத்ரீஸ் மெயினை அணைத்துவிட்டுக் கடப்பாரையை மேலே இழுத்தான். பாசி பிடித்து வழவழவென்று வந்தது. கருத்தக்கண்ணன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டார். அவரை எழுப்ப யாரும் போகவில்லை.

இஞ்ஞாசிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவென் வேணும்னு செய்யலைல?"

"இல்ல மாமா."

"வேணும்னு செஞ்சிருந்தா நல்லாருக்கும். திட்டவாச்சும் செய்யலாம்."

பிறகு வேலைகள் நடந்தன. மோட்டாருக்கு இருந்த பழைய எர்த் கம்பியை இத்ரீஸ் தோண்டிப் பார்த்தான். மேலே கம்பி முழுசாகத் தெரிந்தது. ஒரு சாணுக்குக் கீழே துரு மட்டும்தான் இருந்தது. அது ஒழுங்காக இருந்திருந்தால், கேபிள் வயர் செய்த வேலையை அது செய்திருக்கும். பெனிட்டாவும் இத்ரீஸுமாகக் கரண்ட் ஆபீஸில் போய் உட்கார்ந்தார்கள். லைன்மேன் வந்து கருத்தக்கண்ணன் கொட்டாய்க்குப் புது நியூட்ரல் கம்பி இழுத்துக் கொடுத்தார். டேப்ரிக்கார்டர் டிரான்ஸ்பார்மரோடு கம்ப்யூட்டர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டுத் தட்டை வெட்டச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். கடைசியில் பெனிட்டாவே போய் அவருடைய சுவிட்சைப் போட்டாள். கரகரவென்று ஓடியது. கோடு எழவில்லை. இத்ரீஸ் கேபிளை மோட்டாரிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டு, வெட்டும் மெஷின் ஓடும்போதே டெஸ்டர் வைத்தான். எரியவில்லை. பெனிட்டா புறங்கையால் தட்டினாள், பிறகு உள்ளங்கையை வைத்தாள், குடத்தை எடுத்துப் பம்புக்குள் தண்ணீர் ஊற்றினாள்.

வெட்டும் மெஷினின் கரண்ட் இப்போது கம்பத்து நியூட்ரல் வழியாகவே திரும்புகிறது. கிணற்றுக்குள் எந்த வயரும் இறங்குவதில்லை. மோட்டார் உடம்பிலிருந்து கனமான கம்பி ஒன்று, கரியும் உப்பும் போட்ட புது எர்த் குழிக்குப் போகிறது. தொட்டியில் வழியும் தண்ணீர் அந்தக் குழியில் விழும்படி வாய்க்கால் வெட்டியிருக்கிறது.